மழையை மட்டும் நம்பாத ஊர்

(மும்பை மாட்டுங்காவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் ஊர். தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஜனம். மும்பைக் கணக்கில் அதையெல்லாம் ஊர் என்றே சொல்ல மாட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால், அத்தனை ஜனமும் நம்மை இடித்துக்கொண்டு போய்விடும். அவ்வளவு சின்ன ஊரைப் பற்றி இவ்வளவு பெரிய நகரத்தில் நின்று ஏன் பேச வேண்டும்?

காரணம் நீங்கள்தான். இந்த அரங்கில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சங்கரன்கோவில் என்று ஊர்ப்பெயர் வேறாக இருக்கலாம். எல்லாம் அதே கரிசல் மண், அல்லது அதன் ஓரம். அந்த மண்ணில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்தால், தாராவியில் ஒரு வீட்டுக்குள் நாலு தொழில் ஏன் நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கோவில்பட்டி விவசாய ஊர். ஆனால் பக்கத்தில் ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை, அணை இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது, குடிப்பதற்கு. அதற்கே நாள் எண்ணிக் காத்திருந்த காலம் உண்டு. அப்படியானால் பயிருக்கு? வானம்தான். மழை பெய்தால் சரி. பெய்யாவிட்டால்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியின் ஒவ்வொரு தொழிலும் இந்தக் கேள்விக்கு அந்த ஊர் சொன்ன பதில்.

முதலில் மழையைப் பார்ப்போம். 2005 ஜூலை 26 உங்களுக்கு மறந்திருக்காது. கழுத்தளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அன்றைக்கு ஒரே நாளில் சாந்தாகுரூஸில் கொட்டிய மழை 944 மில்லிமீட்டர். கோவில்பட்டிப் பக்கம் ஆண்டு முழுவதற்கும் பெய்வது 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். இங்கே ஒரு நாளில் கொட்டி நம்மை மூழ்கடித்த தண்ணீர் அங்கே ஓர் ஆண்டில்கூட விழுவதில்லை. விழுகிற கொஞ்சத்திலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மூன்று மாதத்துக்குள் விழுந்து முடிந்துவிடும்.

ஆனால் அந்த மண் லேசுப்பட்ட மண் இல்லை. கரிசல் கோடையில் வெடிக்கும். கையை உள்ளே விடலாம், அவ்வளவு பெரிய வெடிப்பு. மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்ந்து, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும். மழை பெய்துவிட்டால் பசையாகிவிடும். மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. அதனால் சம்சாரி, அதாவது விவசாயி, என்ன செய்கிறார்? மழைக்கு முன்னாலேயே, புரட்டாசிப் புழுதியில், காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுகிறார். யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கி வாங்கிய விதை. அதை ஈரம் இல்லாத மண்ணில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். பருவம் பத்து நாள் தள்ளினால் எறும்பு தின்றுவிடும். சின்னத் தூறல் போட்டுவிட்டு நின்றால் முளைத்துக் கருகிவிடும். மறுபடி விதைக்க வேண்டும், மறுபடி கடன் வாங்க வேண்டும். பங்குச் சந்தைக்கு மும்பைதான் தலைநகரம் என்கிறோம். இந்தச் சூதாட்டத்தோடு ஒப்பிட்டால் தலால் தெரு ஆட்கள் மிகவும் பத்திரமான ஆட்கள்.

மழை சரியாக அமைந்துவிட்டால் அதே கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும், மார்கழிப் பனியிலும் தைப் பனியிலும் பயிர் நிற்கும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, சூரியகாந்தி, மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே பருத்தி. கார்த்திகையில் காடு முழுக்கப் பெண்கள் களையெடுப்பார்கள். தை, மாசியில் அறுப்பு. பருத்தி எடுப்பு பங்குனி, சித்திரை வரைக்கும் இழுக்கும். அதற்குப் பிறகு? ஆவணி வரைக்கும் காட்டில் வேலை கிடையாது.

வெள்ளைக்காரனுக்கே இந்த மண் புதிராக இருந்திருக்கிறது. 1901-இல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினார்கள். நாட்டிலேயே பழைய பண்ணைகளில் அது ஒன்று. இன்றைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. மானாவாரிக்கு ஏற்ற பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி ரகங்கள் அங்கிருந்து வந்தன. விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, வறட்சியைத் தாங்கும்படி பழக்கி விதைக்கிற முறையும் அங்கே சோதித்துச் சொன்னதுதான். ஓர் அணைக்கட்டுக்குக் கிடைக்கிற பேரும் புகழும் இப்படிப்பட்ட பண்ணைக்குக் கிடைப்பதில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது பருத்திக்கு வருகிறேன். இங்கேதான் கோவில்பட்டிக்கும் உங்கள் பம்பாய்க்கும் முதல் உறவு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு போவது நின்றுவிட்டது. பம்பாய் வியாபாரிகள் ஒரே மூச்சில் கோடீஸ்வரர் ஆனது அந்த ஐந்து ஆண்டுகளில்தான். அதே ஆண்டுகளில் திருநெல்வேலிக் கரிசலிலும் பஞ்சு விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிய பஞ்சுக்கு வெளிநாட்டுச் சந்தையில் திருநெல்வேலிப் பேரே நிலைத்தது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. வழியில் கோவில்பட்டி. வண்டி கட்டிப் போன பஞ்சுப் பொதி ரயில் ஏறியது. கூடவே புரோக்கர், கமிஷன் கடை, ஜின்னிங் பாக்டரி, கடைவீதி எல்லாம் வந்தன. பயிர் கொண்டுவந்த ஊர் இப்படித்தான் பட்டணம் ஆனது.

அடுத்து மில். 1891-இல் தொடங்கியது லாயல் மில். பிறகு கோயம்புத்தூர்க்காரர்களின் லட்சுமி மில்லும் வந்தது. மழை பெய்தால் காடு. பெய்யாவிட்டால்? மில் சங்கு. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒன்றை அந்த மண் முதன்முதலில் பார்த்தது. அண்ணன் மில்லுக்குப் போனான், தம்பி காட்டைப் பார்த்தான். அண்ணன் சம்பளத்தில் தம்பி விதை வாங்கினான்.

பரேலிலும் லால்பாக்கிலும் இதே கதை நடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொங்கணத்து நெல்வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு மில்லுக்கு வந்த மராட்டியர் எத்தனை ஆயிரம் பேர்! 1982 ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆலைகள் பெரும்பாலும் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. அங்கெல்லாம் இன்றைக்கு மால் இருக்கிறது, மாடி மேல் மாடி இருக்கிறது. மில்லை நம்பி நிலத்தை விட்டவன் இரண்டும் இல்லாமல் நின்றான். கரிசல்காரன் அந்த அளவுக்கு மில்லையும் நம்பவில்லை.

பிறகு எதை நம்பினான்? வெயிலை!

கேளுங்கள். எந்த வெயில் பயிரைக் கருக்கியதோ அந்த வெயிலிலேயே இன்னொரு தொழில் காய்ந்தது. தீப்பெட்டிக்கு ஈரம் ஆகாது. குச்சி காய வேண்டும், பசை ஒட்டிய பெட்டி காய வேண்டும், மருந்து காய வேண்டும். மழை பொய்த்த ஆண்டு சம்சாரிக்குச் சாவு, தீப்பெட்டிக்குச் சீசன்! 1920-களில் சிவகாசியிலிருந்து இரண்டு பேர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். சிவகாசியில் பற்றியது சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது.

கோவில்பட்டியில் யாரும் பாக்டரி என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். “மதினி எங்கே?” என்று கேட்டால் “ஆபீசுக்குப் போயிருக்கா” என்று பதில் வரும். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் போடுவது. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. வேலைக்கு ஏற்ற கூலி, எண்ணிக்கைதான் காசு. கார்த்திகையில் களையெடுத்த அதே கைதான் வைகாசியில் குச்சி அடைக்கிறது. காட்டில் வேலை இல்லாத மாதங்களை இந்த ஆபீஸ் இட்டு நிரப்பியது.

எவ்வளவு சின்னக் காசில் ஒரு ஊர் ஓடுகிறது பாருங்கள். 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாக ஏறிய தீப்பெட்டி, அடுத்த பதினான்கு ஆண்டு அசையவில்லை. 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய். இடையில் மெழுகு விலை, அட்டை விலை, பாஸ்பரஸ் விலை, குளோரேட் விலை எல்லாம் ஏறின. டீசல் ஏறியது. பிறகு சீனாவிலிருந்து பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. 2023-இல் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. நாம் யோசிக்காமல் கிழித்துப் போடுகிற குச்சிக்குப் பின்னால் இத்தனை கணக்கு.

இந்த இடத்தில் பெருமை பேசிவிட்டு நழுவிப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொழிலுக்கு ஒரு கறை உண்டு. விடியும் முன்னே கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு இறக்கிவிடும். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்! 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டு வண்டி வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்த எழுத்தாளர் பூமணி இதைத்தான் ‘கருவேலம்பூக்கள்’ என்று படமாக எடுத்தார். பிள்ளைகளை அனுப்பியது பெற்றவர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். மழை பொய்த்த வீட்டில், கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்கிற யோக்கியதை வயிறு நிறைந்தவனுக்கு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையால் லாபம் பார்த்தவனைக் கேட்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு அந்தப் பிள்ளைகளில் பலர் தாயாகிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அனுப்புகிறார்கள். 1984-இல் அங்கே தேசியப் பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது. சட்டத்தைவிட அந்தத் தாய்மார்களின் வைராக்கியத்துக்கே நான் அதிக மார்க் போடுவேன்.

கொஞ்சம் இனிப்புக்கு வருவோம். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், கடலைமிட்டாய் என்று தெரிந்துவிட்டது. லோணாவளா சிக்கி தின்று பழகிய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அது வேறு, இது வேறு. 1940-களில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் தொடங்கிவைத்த பண்டம் என்று ஊரே சொல்லும். கரிசலில் விளைந்த நிலக்கடலை, வெல்லப் பாகு, மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயம் ஏற்றிய தேங்காய்த் துருவல். 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி என்ற பெயரைப் போட்டு வேறு ஊர்க்காரர் விற்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. விற்கிறார்கள், அது வேறு விஷயம். பக்கத்து ஸ்டேஷன் கடம்பூரில் போளி விற்கும். மராட்டிய வீட்டுப் புரண் போளிக்கு அது என்ன முறை என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது.

வியாபாரத்தில் கடலைமிட்டாயின் இடம் என்ன? நிலக்கடலையைக் கடலையாக விற்றால் சம்சாரிக்குச் சந்தை விலை. மிட்டாயாக விற்றால் கிண்டுகிறவருக்குக் கூலி, பாக்கெட் போடுகிற பெண்ணுக்குக் கூலி, கடைக்காரருக்கு லாபம். விளைந்ததை மூட்டையாகவே அனுப்பிவிடாமல் ஊருக்குள் வைத்து வேலை செய்து அனுப்புவது. விவசாய ஊர் பிழைக்க இதைவிடப் பெரிய வித்தை கிடையாது. தாராவியில் நீங்கள் செய்வதும் இதுதானே? தோலைத் தோலாக அனுப்பாமல் பையாக்கி, பெல்ட்டாக்கி அனுப்புகிறீர்கள். அரிசியும் உளுந்தும் விடிகாலையில் இட்லியாகி, பாத்திரத்தில் ஏறி, நகரம் முழுக்கப் போகிறது.

எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோவில்பட்டிக்காரர் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். பக்கத்தில் இடைசெவல் என்று சின்னக் கிராமம். அந்த ஒரு கிராமத்திலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பேர் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள். பூமணிக்கு 2014-இல் ‘அஞ்ஞாடி’, சோ. தர்மனுக்கு 2019-இல் ‘சூல்’. கி.ரா. சம்சாரி. தர்மன் மில் தொழிலாளி. பூமணி கூட்டுறவுத் துறை ஊழியர். எழுத்தை மட்டும் நம்பி அங்கே யாரும் உட்காரவில்லை, மழையை மட்டும் நம்பி உட்காராதது போலவே. ஹாக்கியும் அப்படித்தான். மில்காரர்கள் வளர்த்த விளையாட்டு தெருவுக்குத் தெரு இறங்கி, அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினான்.

காடு, மில், தீப்பெட்டி, மிட்டாய். இத்தனையும் போதாத ஆண்டுகள் வந்தன. அப்போது என்ன செய்தார்கள்? ரயில் ஏறினார்கள். இங்கே வந்தார்கள்!

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடத் தாராவிக்கு ஆட்கள் வரத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. பஞ்சம் வந்த ஆண்டெல்லாம் வந்தவர் தொகை கூடியது. வந்தவர்களில் நிலம் உள்ளவரும் உண்டு, கால் காணி நிலமும் இல்லாதவர் அதைவிட அதிகம். இதை மறைக்கக் கூடாது. ஊரில் ஒருவர் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்கியவருக்கு மழை பெய்தாலும் அரை வயிறு, பெய்யாவிட்டால் முழுப் பட்டினி. சாதி பார்த்துக் கூலி அளந்த ஊர் அது. அவருக்குத் தாராவி வெறும் பிழைப்பு மட்டும் தரவில்லை, கும்பிடாமல் நடந்துபோக ஒரு தெருவும் தந்தது. அந்தத் தெருவிலும் சாதி சந்து சந்தாகப் பிரிந்து உட்கார்ந்தது உண்மை. ஆனாலும் இங்கிருந்து போன மணியார்டரில் அங்கே எத்தனை ஓலைக் கூரை ஓட்டுக் கூரை ஆனது! எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள்! கோவில்பட்டிக் கரிசலின் கடைசிக் காட்டு வரப்பு எங்கே முடிகிறது என்று என்னைக் கேட்டால், தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் என்பேன்.

இன்றைக்கு அந்தக் காடு எப்படி இருக்கிறது? பருத்தி குறைந்தது. அதன் இடத்தில் நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போகிற மக்காச்சோளம் வந்தது. 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. காட்டுப்பன்றி ராத்திரியில் வந்து அழித்துவிட்டுப் போகிறது. உழ ஆள் இல்லாத புஞ்சையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, கரிமூட்டம் போடத்தான் உதவுகிறது.

விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கோவை நகரத்தையே அசையாமல் செய்தவர். கோவைக்காரரான அவர் 1984 டிசம்பரில் உயிர் விட்டது கோவில்பட்டியில். அவருடைய போராட்டத்தின் பலனாகப் பின்னாளில் தமிழ்நாட்டு விவசாயிக்கு மின்சாரம் இலவசமானது. மிக நல்லது. ஆனால் கிணறே இல்லாத, மோட்டாரே இல்லாத கரிசல் சம்சாரிக்கு இலவச மின்சாரத்தால் என்ன லாபம்? மானாவாரிக்காரனுக்கு அதற்கு ஈடாக இன்று இருப்பது ஒன்றே ஒன்று: பயிர்க் காப்பீடு. 2016 முதல் பிரதமர் பெயரிலான திட்டம் நடக்கிறது. ராபிப் பருவத்தில் உளுந்து, பாசி, மக்காச்சோளத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் விவசாயி கட்டினால் போதும். மழை பெய்தால் சரி, பெய்யாவிட்டால் காப்பீடு. திட்டம் தாமதமாகப் பணம் தருகிறது, கணக்கில் குளறுபடி என்று ஆயிரம் குறை உண்டு. இருந்தாலும் இருப்பது அதுதான்.

அந்தக் காப்பீடு யாருக்குக் கிடைக்கிறது? சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. உழுகிறவர் வாரத்துக்கு உழுகிறார், வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு உழுகிறார். கையில் துண்டுக் காகிதம் இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது? பல இடங்களில் செம்பூரிலும் சயானிலும் தாராவியிலும் இருக்கிற உங்கள் பெயரில், அல்லது இறந்துபோன உங்கள் அப்பா பெயரில்! எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதைக்கும் கூலிக்கும் கடன் வாங்கியவர் அவர், பயிர் போனால் நிவாரணத்துக்குப் பெயர் இல்லாதவரும் அவர். இது நியாயமா?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் தரிசாக நிலம் போட்டிருக்கிறவர்கள் அதை உழ ஆள் இருந்தால் கொடுங்கள். அந்தக் காட்டில் தலைமுறையாகக் கூலி வேலை பார்த்த குடும்பம் கேட்டால் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். அப்பா பெயரில் இருக்கிற பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அடுத்த ஆவணிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஓடுவதற்கு முன்னால், உழுகிறவரைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். எந்தப் பருவம், எந்தச் சர்வே எண், யார் பயிர் செய்கிறார் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதன் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.